வளைவுக்கு வெளியே சரளைக்கல்லா, தார்த்தரையா?

ஏபெக்ஸ்:
ஃபார்முலா 1 தடங்களில் வளைவுக்கு வெளியே பரப்பி வைத்திருக்கும் தார்த்தரையை எடுத்துவிட்டு, பழையபடி சரளைக்கல்லைக் கொட்ட வேண்டும் என்பது என் கட்சி. 2023 ஆஸ்திரியா பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? தடத்தின் எல்லையான வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாக 1,200-க்கும் மேற்பட்ட சம்பவங்களை நடுவர்கள் பார்க்க வேண்டியிருந்தது. பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்து எட்டு ஓட்டுநர்களுக்கு நேர அபராதம். நான்காவதாக வந்த சைன்ஸ் ஆறாம் இடத்துக்குப் போனார். அடுத்த வருடம் 9, 10-ஆம் வளைவுகளில் கெர்பை (தட விளிம்பில் இருக்கும் மேடான ஓரக்கட்டை) ஒட்டி ஒரு சரளைப் பட்டை போட்டார்கள். அங்கே தகராறு பெருமளவு அடங்கிவிட்டது. தாண்டினால் நேரம் போகும் என்றால் யார் தாண்டுவார்கள்?

கியர்பெட்டி:
நண்பரே, கோட்டைத் தாண்டுவதைத் தடுக்கவா ரன்-ஆஃப், அதாவது வளைவுக்கு வெளியே விடும் அந்தக் காலி இடம், இருக்கிறது? காரின் வேகத்தைக் கொல்லத்தான் இருக்கிறது. அந்த வேலையைச் சரளை நம்பும்படி செய்வதில்லை. 1999-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஸ்டோவ் வளைவில் ஷூமாக்கரின் கார் சரளையைக் கடந்து நேரே டயர் தடுப்பில் மோதி, அவர் கால் முறிந்தது. மெதுவாக வரும் கார் கல்லில் புதைந்து நிற்கும். வேகமாக வரும் காருக்குப் புதைய நேரமே இல்லை. தட்டையான அடித்தளம் கற்களின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். தார்த்தரையில் நான்கு டயரும் தரையில் இருந்தால் ஓட்டுநர் பிரேக் பிடிக்கலாம், ஸ்டியரிங்கைத் திருப்பலாம்.

ஏபெக்ஸ்:
நல்ல உதாரணம்தான், ஆனால் அது உங்களுக்கே எதிராக நிற்கிறது. அன்று ஷூமாக்கரின் பின்பக்க பிரேக் பழுதாகியிருந்தது. பிரேக் முழுசாக வேலை செய்யாத காருக்குத் தார்த்தரை என்ன உதவி செய்யும்? அது பிரேக்கும் சஸ்பென்ஷனும் சரியாக இருப்பவனுக்கு மட்டும்தான் நண்பன்.

கியர்பெட்டி:
சரி, பழுதான கார் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே போகிறவர்களில் பெரும்பாலானோர் பிரேக் பிடிக்கத் தாமதித்தவர்கள், பின்பக்கம் வழுக்கியவர்கள். பக்கவாட்டில் சரியும் கார் சரளையில் நுழைந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். முன்னே போகும் பக்கத்துச் சக்கரம் கல்லில் குத்தி நிற்கிறது, மீதிக் கார் அதைத் தாண்டி எழும்புகிறது. 2016 மெல்போர்னில் அலோன்சோவின் கார் சரளையில் சிக்கி உருண்டது இப்படித்தான். விலா எலும்பு முறிந்து அடுத்த பந்தயத்தையே தவறவிட்டார். 2022 சில்வர்ஸ்டோனில் தலைகீழாகச் சறுக்கி வந்த சீன ஓட்டுநர் ஷோவின் காரும் சரளை முடியும் இடத்தில் எழும்பி, டயர் தடுப்பைத் தாண்டி வேலியில் போய் விழுந்தது. ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ வளையம் இல்லையென்றால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஈரத்தடம்:
இருவரும் காரையே பேசுகிறீர்கள். மோட்டார் சைக்கிள் பந்தயமும் அதே தடங்களில்தானே நடக்கிறது? பைக் விழுந்த பிறகு ஓட்டுபவர் கையில் பிரேக் என்ற ஒன்றே கிடையாது. தார்த்தரையில் தோல் உடையோடு தடுப்பு வரை சறுக்க வேண்டியதுதான். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் 2022-இல் பல வளைவுகளில் சரளை திரும்பி வந்ததற்குப் பைக்குகளின் 24 மணி நேரப் பந்தயம் முக்கியக் காரணம். உருண்டால் கல்லிலும் எலும்பு முறியும், மறுக்கவில்லை. ஆனாலும் தடுப்புக்கு முன்பே நிறுத்திவிடும்.

ஏபெக்ஸ்:
அப்படியென்றால் பட்டைதான் வழி. கெர்பை ஒட்டிக் கொஞ்ச அகலத்துக்குக் கல், அதற்கு அப்பால் தார். தவறுக்குத் தண்டனை உண்டு, காரை நிறுத்த இடமும் உண்டு.

கியர்பெட்டி:
மெதுவான வளைவுகளுக்குச் சரி. வேகம் இரண்டு மடங்கானால் காரின் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த வேகத்தில் கல்லுக்கும் தாருக்கும் இடையே அரை விரல் உயரப் படி இருந்தால்கூடப் பக்கவாட்டில் வரும் காரைத் தூக்கிவிடும். ஒவ்வொரு முறை கார் கடந்த பிறகும் கல்லைக் கூட்டிச் சமன் செய்யாவிட்டால் அந்தப் படி தானாக உருவாகும். பந்தயத்துக்கு நடுவே அதை யார் செய்வது? இப்போதைய கார்களின் அடித்தளம் தரையை உரசுகிற உயரத்தில் இருக்கிறது. ஒரு கல் அதன் விளிம்பைப் பெயர்த்தாலே டவுன்ஃபோர்ஸ், அதாவது காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை, குறைந்துவிடும்.

ஏபெக்ஸ்:
விளிம்பு பெயரட்டும். அந்தப் பயம் இருந்தால்தான் ஓட்டுநர் கோட்டுக்கு உள்ளேயே திரும்புவார். படி விழுகிறது என்பது மட்டும் நியாயமான கேள்வி. கற்களைப் பிசினால் ஒட்டி வைத்தால் இடம் பெயராது, ஆனால் டயரைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் வேலையும் போய்விடும். ஈரத்தடம், ஒட்டிய கல்லில் விழுந்தால் பைக் ஓட்டுபவரின் கதி என்ன?

ஈரத்தடம்:
அது சொரசொரப்பான தார் மாதிரிதான். எங்களுக்கு வேண்டாம். உதிரிக் கல்லே இருக்கட்டும், பந்தய நாளில் கூட்டுவதற்கு ஆட்களை அதிகமாகப் போடுங்கள்.