3 வர வேண்டிய இடத்தில் 19.5 வருகிறது: எக்செல்லில் சமன்பாடு அடிப்பது எப்படி?

அம்மாபேட்டை டியூஷன்:
வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாட்டு விடைகளை எக்செல்லில் சரிபார்க்கிறேன். சூத்திரத்தில் எண்களைப் போட்டபின் மேலே 7+√25, கீழே 2×2. விடை 3. நான் அடித்தது =7+25^1/2/2*2. வருவது 19.5. இந்தக் குறிகளை அது எப்படித்தான் படிக்கிறது?

ஏற்காடு கணினி ஆசிரியர்:
டீச்சர், தாளில் எழுதும்போது பின்னத்தின் நீளக் கோடே மேலிருப்பதையும் கீழிருப்பதையும் கட்டிப்போட்டுவிடுகிறது. √ குறியின் மேல்கோடும் அப்படித்தான். ஒரே வரியில் அடிக்கும்போது அந்தக் கோடுகள் இல்லை. அந்த வேலையை அடைப்புக்குறிதான் செய்ய வேண்டும்.

எக்செல் முதலில் அடுக்குக்குறியான ^ பார்க்கும். அப்புறம் / மற்றும் *, இடமிருந்து வலமாக. கடைசியில் + மற்றும் -. அதனால் 25^1/2 என்றால் 25-ஐ 2 ஆல் வகுத்து 12.5 என்கிறது. வர்க்கமூலம் வேண்டுமானால் 25^(1/2). இப்போது 5 வரும்.

மேலே மட்டும் அடைப்பு போட்டு =(7+25^(1/2))/2*2 என்று விட்டால் 12 வரும். 2 ஆல் வகுத்து, மறுபடி 2 ஆல் பெருக்கிவிடுகிறது. பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கீழேயும் அடைப்பு போடுங்கள்: =(7+25^(1/2))/(2*2)

அம்மாபேட்டை டியூஷன்:
3 வந்துவிட்டது! ரொம்ப நன்றி சார். கூட்டலைக் கழித்தலாக மாற்றியதும் இன்னொரு மூலம் 0.5 வந்தது. கழித்தல் எண்ணின் வர்க்கத்துக்கும் அடைப்பு வேண்டுமா?

ஏற்காடு கணினி ஆசிரியர்:
கட்டாயம். =-7^2 என்றால் எக்செல் 49 தரும். எண்ணுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் கழித்தல் குறியை மட்டும் அது ^-க்கும் முன்பே பார்க்கிறது. கணக்குப் புத்தக வழக்கப்படி அது -49. (-7)^2 என்று அடித்தால் எங்கேயும் 49தான். பைத்தான் நிரல்மொழி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: அதில் அடுக்குக்கு ** போட வேண்டும். 1957-ல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியிலேயே அப்படித்தான். பைத்தானில் 2^3 என்று அடித்தால் பிழை காட்டாது, 1 என்று விடை சொல்லும். அங்கே ^ வேறு வேலைக்கான குறி.

அம்மாபேட்டை டியூஷன்:
சரி சார். வினாத்தாளிலும் ஒரு சிக்கல். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் அடித்து வாங்கினேன். ^ இருந்த இடத்தில் எல்லாம் தமிழ் எழுத்து வந்திருக்கிறது.

செவ்வாய்பேட்டை டிடிபி:
பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள் டீச்சர். அதில் குறிகளின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். யுனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். வேர்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு = தட்டினால் சமன்பாட்டுப் பெட்டி வரும். கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, அதற்குள் (7+5)/(2) என்று அடித்து ஸ்பேஸ் தட்டுங்கள். மேல் கீழ் பின்னமாக நிற்கும், அடைப்பும் தானே மறைந்துவிடும்.

அம்மாபேட்டை டியூஷன்:
அருமை. எக்செல்லில் விடையை 1/2 என்றே காட்ட நினைத்தேன், தேதியாக மாறிவிடுகிறது.

ஏற்காடு கணினி ஆசிரியர்:
0 அடித்து ஒரு ஸ்பேஸ் விட்டு 1/2 அடியுங்கள். பின்னமாகவே நிற்கும்.