மலிவான டர்போவை நம்பி வாங்கலாமா?

2014 மாடல் டீசல் கார், 2 லிட்டர் இன்ஜின், 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புகைக் காற்றால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ போய்விட்டது.

மூன்று வாரங்களுக்கு முன் மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்தது. பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசில் போன்ற சத்தம், அடுத்த வாரமே நீலப் புகை. 500 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடித்தது. கசியும் ஆயிலையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு டீசல் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும் என்பதால் வண்டியை நிறுத்திவிட்டேன்.

ஏர் ஃபில்டர் மாற்றினேன், பயனில்லை. ஹோஸ்களில் கசிவு இல்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றியபோது உள்ளே ஆயில் தேங்கியிருந்தது. டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தை விரலால் அசைத்தால் ஷாஃப்ட் பக்கவாட்டில் நன்றாகவே ஆடுகிறது. இறக்கைகளின் நுனி உறையில் உரசிப் பளபளக்கிறது. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயில் கரி படிந்து பாதி அடைத்திருந்தது. மூலகாரணம் அதுதான் என்று நினைக்கிறேன். அதை மாற்றாமல் எந்த டர்போவைப் போட்டாலும் நிற்காது, ஆகவே புதுக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன்.

அசல் டர்போ என் கைக்கு எட்டாது. அதில் கால் பங்கு விலைக்குப் பெயர் தெரியாத தயாரிப்புகள் கிடைக்கின்றன. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள். சக்கரத்தைச் சரியாக பேலன்ஸ் செய்திருப்பார்களா என்பதுதான் என் கவலை. மெக்கானிக்கோ வெளி உறையை அப்படியே வைத்து, ஷாஃப்டும் சக்கரங்களும் அடங்கிய நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றச் சொல்கிறார். ஆனால் உறையே உரசியிருக்கும்போது அது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்படிப்பட்ட மலிவான டர்போவைப் போட்டு 30,000 கிலோமீட்டராவது ஓட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்களா, அது தாங்கியதா?