கட்டையான கறுப்புச் சுருட்டு: ருசி எங்கிருந்து வருகிறது?

இளம்பரிதி
நேற்று மாலை மொட்டைமாடியில் ஒரு மதூரோ ரொபுஸ்டோவை, அதாவது கறுப்பு மேல் இலை சுற்றிய கட்டைச் சுருட்டை, முக்கால் மணி நேரம் நிதானமாகப் புகைத்தேன். ஐந்து அங்குல நீளம், 50 ரிங் கேஜ். பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி விட்டத்தைச் சொல்லும் அளவு அது. 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், கட்டைவிரல் பருமன். மேல் இலை மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் பகுதியில் விளைந்தது, உள் இலை முழுவதும் நிகராகுவா.

பற்ற வைக்குமுன் முகர்ந்தேன். உலர்ந்த அத்திப்பழம், அதற்குப் பின்னால் மாட்டுத்தொழுவத்தின் வைக்கோல் வாசனை. முதல் அரை அங்குலம் மிளகு, நாக்கு நுனியில் சுருக்கென்றது. பிறகு மிளகு அடங்கி, கருப்பட்டிப் பாகு அடிபிடிக்கப் போகும் நேரத்தில் எழுமே ஒரு மணம், அது வந்தது. நடுப்பகுதியில் வறுத்த காப்பிக்கொட்டையும் ஈர மண்ணும். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பது கட்டையான கறுப்புச் சுருட்டில் மட்டுமே நடக்கிறது. நீளமான மெல்லிய சுருட்டுகளில் எனக்கு அது கிடைத்ததே இல்லை. எட்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், சுருட்டு என்றால் இந்த வடிவம், இந்த நிறம்தான்.

சேயோன்
வர்ணனை அருமை, முடிவு தவறு. நீங்கள் கறுப்பு இலையைப் புகழ்ந்துகொண்டே அதன் குரலை அடக்கும் வடிவத்தைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். மேல் இலை சுற்றளவைப் பொறுத்தது, உள் இலை குறுக்குப்பரப்பைப் பொறுத்தது. விட்டம் கூடும்போது சுற்றளவு அதே விகிதத்தில்தான் கூடும், பரப்போ அதன் இருமடி விகிதத்தில் கூடும். லான்செரோ என்ற மெல்லிய நீளச் சுருட்டு ஏழரை அங்குலம், 38 ரிங் கேஜ். உங்கள் 50 ரிங் கேஜோடு ஒப்பிட்டால், உள் இலைக்கு எதிரான மேல் இலையின் பங்கு லான்செரோவில் ஏறக்குறைய 30 விழுக்காடு அதிகம். மேல் இலையைச் சுவைக்க வேண்டுமென்றால் மெல்லிய சுருட்டைத்தான் கையில் எடுக்க வேண்டும். அந்தக் கருப்பட்டி மணத்தில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் நிகராகுவா இலையின் வேலை. பாராட்டைக் கறுப்பு இலைக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

வடமராட்சியான்
இருவரும் மெக்சிகோ, நிகராகுவா என்று பேசுகிறீர்கள். கட்டையாக, கறுப்பாக, காரமாக ஒரு சுருட்டு எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. அப்பு சாப்பிட்டு முடித்ததும் ஒன்றைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைக் காதில் செருகிக்கொண்டு மறுபாதியைப் பற்ற வைப்பார்.

யாழ்ப்பாணத்தில் புகையிலையைக் குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) எரித்துப் புகையூட்டுவார்கள். பிறகு கோடா என்ற காய்ச்சிய சாற்றைப் போட்டு மூடி வைத்துப் பழுக்க விடுவார்கள். எங்கள் பக்கத்துச் சுருட்டுக் கொட்டிலில் கோடாவுக்குப் பனங்கட்டியும் சேர்ந்தது. கோடா காய்ச்சும் நாளில் ஒழுங்கை முழுக்க அந்த மணம் நிற்கும். அதனால்தான் இளம்பரிதி ‘கருப்பட்டி’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் திடுக்கென்றது. எங்கள் சுருட்டில் அந்த இனிப்பு வெளியிலிருந்து சேர்த்தது, மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் மதூரோவில் அது எங்கிருந்து வருகிறது? நிறம் பழுத்து வந்ததா, பூசி வந்ததா?

இன்னொன்று, தலைப்புக்குச் சற்று வெளியே. கொட்டிலில் சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்கு ஒருவர் பத்திரிகையும் தொடர்கதையும் உரக்க வாசிப்பார். கியூபாவிலும் இதே வழக்கம் உண்டு, ஹவானாவில் 1865-இல் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் தொடங்கியது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வேலை, ஒரே தேவை. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்கிறார்களே, அதுவும் நம் ‘சுருட்டு’தான்.

இளம்பரிதி
வடமராட்சியான் அண்ணா, உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

‘மதூரோ’ என்றால் ஸ்பானிய மொழியில் பழுத்தது என்று பொருள். எல்லா இலையும் அப்படிப் பழுக்க வைப்பதைத் தாங்காது. சான் ஆந்த்ரேஸ், அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப், பிரேசிலின் மாட்டா ஃபீனா போன்ற தடித்த இலைகள் தாங்கும். பிராட்லீஃபை இலை இலையாகப் பறிக்காமல் தண்டோடு வெட்டித் தொங்கவிடுகிறார்கள். உலர்ந்த பிறகு ஆளுயரத்துக்கு அட்டியாக அடுக்குவார்கள், அதற்குப் பெயர் பிலோன். அட்டியின் நடுவில் தானாகவே சூடு ஏறும், அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். சூடு ஏறியதும் பிரித்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். மதூரோ இலைக்கு இந்தச் சுற்று அதிகம், சூடும் அதிகம், காலமும் அதிகம். கியூபாவின் கோஹிபா சுருட்டுக்காரர்கள் 2007-இல் கொண்டுவந்த மதூரோ 5 வரிசையில் மேல் இலையை ஐந்து ஆண்டு பழுக்க விடுகிறார்கள். அதில் மாகிகோஸ் என்ற அளவு 115 மில்லிமீட்டர் நீளம், 52 ரிங் கேஜ். நான் சொல்லும் கட்டைக் கறுப்புக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சாயம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரமான வெள்ளைத் தாளால் சுருட்டைத் துடைத்துப் பாருங்கள். நல்ல மதூரோவிலும் லேசான பழுப்பு ஒட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். தாள் கன்னங்கரேலென்று ஆகி, துடைத்த இடம் வெளுத்துப்போனால் சந்தேகப்படுங்கள்.

சேயோன், கணக்கை ஏற்கிறேன், ஆனால் நான் கேட்பது மேல் இலையைத் தனியாக அல்ல. பருமனான சுருட்டில்தான் நான்கைந்து வகை உள் இலைகளை வைக்க இடம் இருக்கிறது. செடியின் உச்சியில் விளையும் லிகேரோ இலை மெதுவாக எரியும், காரமானது. அதை நடுவில் வைத்துச் சுற்றிலும் லேசான இலைகளை வைக்கிறார்கள். 38 ரிங் கேஜுக்குள் அந்த வித்தையைச் செய்வது கடினம். கறுப்பு இலைக்குப் பதில் சொல்ல உள்ளே ஆள் இருக்க வேண்டும். மெல்லியதில் அது தனியாகப் பேசிக்கொண்டே போகிறது.

கயல்விழி
பல் மருத்துவராக ஒன்று சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் பயமில்லை’ என்று என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை உண்டு. அதனால் நுரையீரலுக்குப் போகாமலேயே வாயின் மென்தோல் வழியாக நிக்கோடின் ரத்தத்தில் ஏறிவிடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சுருட்டுக்கும் உரியவை. பருமனான சுருட்டில் புகையிலை அதிகம், வாயில் புகை இருக்கும் நேரமும் அதிகம். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் தெரிந்து, தடவினால் போகாமல் இருந்தால், வலிக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள். ருசியைப் பற்றி உங்களோடு வாதிட எனக்குத் தகுதியில்லை. இதைச் சொல்லத் தகுதி இருக்கிறது.

வடமராட்சியான்
பிள்ளை, நீங்கள் சொன்னது சரி. அப்பு போனது தொண்டையில் வந்த நோயால்தான். நான் இப்போது மாதத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், அதையும் விட வேண்டும் என்றுதான் மகள் சொல்கிறாள்.

நெடுமாறன்
புதியவன், ஒரு சந்தேகம். கறுப்பு என்றாலே தலை சுற்றும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? நான் வாங்கிய ஒரே ஒரு மதூரோ பாதியில் நான்கு முறை அணைந்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும் எரிந்து கோணலாகப் போனது. கடைக்காரர் என் இழுப்புதான் தவறு என்கிறார்.

இளம்பரிதி
நிறத்துக்கும் போதைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உள்ளே லிகேரோ எவ்வளவு என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கும். வெளிர் நிற மேல் இலைக்குள் தலையைச் சுழற்றும் சுருட்டும் உண்டு, கன்னங்கரிய இலைக்குள் சாதுவானதும் உண்டு. வெறும் வயிற்றில் மட்டும் பற்ற வைக்காதீர்கள்.

அணைந்ததற்கு உங்கள் இழுப்பு காரணமாக இராது. தடித்த எண்ணெய்ப்பசை இலை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் திறந்து கிடந்த சுருட்டு நனைந்த விறகு மாதிரிதான் எரியும். 65 விழுக்காடு ஈரப்பதத்தில் மூடிய பெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிட்டுப் பாருங்கள். பற்ற வைக்கும்போது அவசரம் வேண்டாம், நுனி வட்டம் முழுவதும் சிவந்த பிறகே முதல் இழுப்பு.

சேயோன்
நெடுமாறனுக்குச் சொன்னது முற்றிலும் சரி. மற்றதற்கு வருகிறேன்.

அந்த இனிப்பைப் பற்றி: ‘பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிறது, அதுதான் இனிப்பு’ என்று கடைகளில் சொல்கிறார்கள். காற்றில் உலர்த்தும் சுருட்டு இலையில் கடைசியில் மிஞ்சும் சர்க்கரை மிகச் சொற்பம். நாம் இனிப்பு என்று உணர்வது பெரும்பாலும் வாசனை. ரொட்டியின் மேல்தோல் சிவக்கும்போது எழும் மணத்துக்கு உறவு. அது நுட்பமானது. இருபது மில்லிமீட்டர் புகைக்கட்டுக்குள் அதைத் தேடுவது நாதசுரக் கச்சேரியில் தம்புராவைத் தேடுவது போல.

கட்டை வடிவத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. கடைசி ஒன்றரை அங்குலத்தில் கங்கு உதட்டுக்கு அருகே வந்துவிடுகிறது. புகை சூடாகி எல்லாம் கசப்பாகிறது. 2008-இல் வந்த நப் சுருட்டு இந்த வாதத்தின் உச்சம்: ஏறக்குறைய நான்கு அங்குலம், 60 ரிங் கேஜும் அதற்கு மேலும். நீளச் சுருட்டின் நடுவில் கிடைக்கும் சுகத்தை முதல் இழுப்பிலேயே தருவதாகச் சொன்னார்கள். நான் புகைத்த இரண்டிலும் அந்தச் சுகம் வருவதற்குள் விரல் சுட்டது.

பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒரு சோதனை செய்யலாம். பாத்ரோன் நிறுவனத்தின் 1964 ஆண்டுவிழா வரிசையில் ஒரே அளவு நேச்சுரல் (கறுக்காதது), மதூரோ என்று இரண்டு மேல் இலைகளில் கிடைக்கிறது. நிறத்தின் பங்கு எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். இளம்பரிதி, கண்ணை மூடிக்கொண்டு புகையுங்கள். எது எது என்று உங்கள் மனைவியோ நண்பரோ குறித்துக்கொள்ளட்டும்.

இளம்பரிதி
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டு நிறத்திலும் இரண்டிரண்டு வாங்கி, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிரித்துக்கொண்டேன். இதுவரை மூன்று முடிந்தன. தம்பி எடுத்துக் கொடுத்தான், நான் கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். மூன்றில் இரண்டைச் சரியாகச் சொன்னேன். தவறிய ஒன்று நேச்சுரல். அதிலும் நடுப்பகுதியில் காப்பிக்கொட்டை வந்தது, மதூரோ என்று அடித்துச் சொல்லிவிட்டேன். ஆக, மணத்தில் பெரும்பங்கு உள் இலையுடையது என்று சேயோன் சொன்னது காப்பி விஷயத்தில் சரி. ஆனால் அந்தக் கருப்பட்டி மணம் மூன்றில் ஒன்றில் மட்டுமே வந்தது, கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது அது மதூரோ. உதட்டில் ஒட்டும் எண்ணெய்ப்பசையும் அதில்தான் இருந்தது. தம்புரா எனக்குக் கேட்டது, சேயோன்.

சேயோன்
அந்தப் பசையை உதடு கண்டுபிடித்திருந்தால் கண்ணைக் கட்டியும் பயனில்லை. நான்காவதைப் புகைக்கும்போது வாயில் வைக்கும் தலைப்பக்கத்தில் ஓர் அங்குலம் மெல்லிய தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் கருப்பட்டி வந்தால் கட்டைச் சுருட்டில் மேல் இலை பேசுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். லான்செரோவை விடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

வடமராட்சியான்
நான்காவது முடிந்ததும் எழுதுங்கள், இளம்பரிதி. கருப்பட்டியா பனங்கட்டியா என்று முகர்ந்து சொல்ல என்னிடம் இன்னும் கொட்டில் சுருட்டு இரண்டு இருக்கிறது. ஊரிலிருந்து வந்தவர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தது. பற்ற வைக்கப்போவதில்லை. பெட்டியைத் திறந்தால் ஒழுங்கை வாசனை வருகிறது.