சூனியக்காரி, மந்திரம், காதல் நாவல்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

குழித்துறைக்காரி

இந்த நாவல்களைப் படிக்கும்போது நடந்து, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எந்த மாதிரி நாவல் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். பச்சிலைக் கடை வைத்திருக்கும் சூனியக்காரி, அவளைப் பிடிக்க வந்து அவள் மேலேயே ஆசைப்படும் இளவரசன். கல்யாணத்துக்காக அவள் மந்திரத்தை விட்டுவிடுவாள்.

எங்கள் அம்மச்சிக்குக் கண் தெரியாது. ராத்திரி நான் போனில் வாசித்து அப்படியே தமிழில் சொல்லுவேன். அது ஐப்பசி, யட்சி குடியிருக்கும் மரம் என்பார்களே, அந்த ஏழிலைப்பாலை பூத்து வாசனை வீட்டுக்குள் வந்ததும் சன்னலைச் சாத்தச் சொன்னார். கடைசி அத்தியாயத்தில் அவள் தன் மந்திரத்தை எல்லாம் ஒரு இரும்பு மோதிரத்தில் அடைத்து விரலில் போட்டுக்கொள்கிறாள். நான் கண் கலங்கி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மக்ளே, அப்போ அவ தலையில ஆணி அடிச்சாச்சு. யாரு பிடுங்குவா?"

மந்திரம் தெரிந்த பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார் கதை நம்ம பக்கத்தில் தெரியாதவர் உண்டா? யட்சியின் தலையில் ஆணி அடித்து வேலைக்காரி ஆக்கினார். ஒரு கிழவி அவளுக்குப் பேன் பார்க்கும்போது ஆணி கையில் தட்டுப்பட்டது, பாவம் என்று பிடுங்கிவிட்டாள். அதற்கப்புறம் அந்த முடிவை என்னால் சந்தோஷமாக வாசிக்கவே முடியவில்லை.

செங்கோட்டைப் பயணி

தங்கச்சி, அம்மச்சி சொன்னது எனக்கு ஒப்பவில்லை. கத்தனார் யட்சியிடம் கேட்டா அடித்தார்? இவள் தானே விரும்பிப் போட்டுக்கொண்ட மோதிரம். இரண்டும் ஒன்றாகாது.

என் கதை மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்தது. அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் சூனியக்காரிகள் என்று எரித்தார்களே, அதே மாதிரி நாவலில் சூனியக்காரியைக் கம்பத்தில் கட்டி விறகு அடுக்கிவிட்டார்கள். காதலன் குதிரையில் வருகிறான். பகவதிபுரம் தாண்டி வண்டி குகைக்குள் போனது. பெட்டியில் விளக்கு இல்லை, கும்மிருட்டு, கரிப்புகை மாதிரி ஒரு ஈர வாடை. காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்: "அண்ணா, செத்துட்டாளா?" பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை என் தோள் வழியாக அதுவரை கூடவே படித்திருக்கிறாள்! வெளிச்சம் வந்ததும் நான் பக்கம் புரட்டுவதற்குள் ஆரியங்காவு வந்துவிட்டது. அவள் அம்மா கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பிழைத்துக்கொண்டாள் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கம்பம் வாசகன்

செங்கோட்டை நண்பருக்கு: அமெரிக்கச் சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 1692-ல் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒரு கிழவரின் மேல் பாறாங்கல் ஏற்றிக் கொன்றார்கள். அந்த ஊரும் அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில்தான், அவர்கள் சட்டத்தில் சூனியத்துக்குத் தூக்குதான். எரித்ததெல்லாம் ஸ்காட்லாந்திலும் ஜெர்மன் பக்கமும் அதிகம். செத்தவர்கள் நிஜமான மனிதர்கள், அதனால் சரியாகச் சொல்ல வேண்டும்.

குமுளி மலைப்பாதையில் ஜீப்பில் போகும்போது மந்திரவாதி காட்டுக்குள் தொலையும் பகுதியைப் படித்தேன், மூடுபனி இறங்கியது, பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாக வரிசை மாறக் கூடாது. முதல் பாகத்தில்தான் மந்திரத்துக்கு என்ன விலை என்று வைப்பார்கள்: ரத்தமா, ஞாபகமா, ஆயுளா. அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தில் விலை கொடுக்காமல் மந்திரம் நடந்தால், எழுத்தாளர் ஏமாற்றுகிறார் என்று உடனே தெரியும். அப்புறம், காதல் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள், சாபத்தின் முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இரவல் கொடுத்தால் முதல் பாகம் மட்டும் கொடுங்கள், அது திரும்பி வந்தபிறகு அடுத்தது. பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்கிறவர்கள் வெளிநாட்டுப் பெயர்களைச் சுருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் யார் யாரென்று அவர்களுக்குக் குழம்பிவிடும்.

வேலந்தாவளம் வாசகி

குழித்துறைத் தோழி, உங்கள் அம்மச்சி பக்கம்தான் நான். விரும்பிப் போட்டாலும் கழற்ற முடியாவிட்டால் அது ஆணிதான்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பாதி படித்த நாவல் கூடத்து மேசையில் கிடந்தது. அட்டையில் தலைவிரித்த சூனியக்காரி, கையில் நெருப்பு. மாப்பிள்ளையின் அம்மா அதை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தாம்பூலத் தட்டைத் தூக்கி வைத்தார். எங்கள் அம்மா முகம் வெளுத்துவிட்டது. கூடத்தில் எல்லோரும் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வீட்டு மாப்பிள்ளையோடுதான் கல்யாணம் நடந்தது. மாமியார் நல்லவர். புத்தகத்தை மறைத்தாரா, என்னை ஊர் வாயிலிருந்து காப்பாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் வாய் வரவில்லை.

கம்பத்து அண்ணா, அந்த நாவல் மூன்றாம் பாகம். அதில்தான் ஆரம்பித்தேன், பிறகு முதல் பாகத்துக்குப் போனேன். எதுவும் கெடவில்லை.