அப்பாவின் பழைய லேப்டாப்பில் எங்கள் வீட்டு வைஃபை பெயர் மட்டும் தெரியவில்லை

முலுண்ட்வாசி:

வணக்கம். மும்பை முலுண்டில் இருக்கிறோம், சொசைட்டி கட்டடத்தில் ஐந்தாவது மாடி. போன மாதம் பழைய கேபிள் இணைப்பை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறினோம். வந்த பையன் புது ரவுட்டரைச் சுவரில் மாட்டி, என் போனிலும் டிவியிலும் பாஸ்வேர்டைப் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டான். எல்லாம் பறக்கிறது, அப்பாவின் லேப்டாப்பைத் தவிர.

அது 2009இல் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. விண்டோஸ் 7. தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், அந்தப் பேச்சு வீட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அப்பாவுக்கு 74 வயது, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த கை. அந்தப் பழைய விசைமுறையிலேயே அடிக்கிற ஒரு தமிழ் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது, பதினைந்து வருஷக் கடிதங்களும் ஊர்க் கோயில் கணக்கும் அதில்தான் இருக்கின்றன.

வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடுகள் எல்லாம் வரிசையாக வருகின்றன, தரைத்தளத்து கோச்சிங் கிளாஸின் பெயர்கூட வருகிறது, எங்கள் பெயர் மட்டும் இல்லை. ரவுட்டருக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தும் பார்த்துவிட்டேன். இதில் ஒரு வேடிக்கை, போன வாரம் மீட்டர் ரூமில் ஏதோ வேலை என்று சொசைட்டியில் கரண்டை நிறுத்தினார்கள், திரும்ப வந்ததும் எங்கள் பெயர் தெரிந்தது! ஓடிப்போய்ப் பாஸ்வேர்ட் போட்டால் இணைக்க முடியவில்லை என்று ஒரே வரி. மூன்று முறை முயன்றேன். மறுநாள் காலையில் பெயரே மறுபடி காணோம்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடை ஒன்றில் காட்டினேன். வைஃபை கார்டு செத்துவிட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். செத்த கார்டு பக்கத்து வீட்டை மட்டும் எப்படிப் பார்க்கும் என்று கேட்டேன், பதில் இல்லை. யாராவது சொல்லுங்கள்.


டோம்பிவலிஃபாஸ்ட்:

லேப்டாப்பின் பக்கவாட்டில் வைஃபைக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அந்தக் காலத்து மாடல்களில் முக்கால்வாசிக்கு உண்டு, அதைத் தள்ளிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ரவுட்டரில் செக்யூரிட்டியை வெப் (WEP) என்று மாற்றுங்கள். என் பழைய விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப் அப்படித்தான் உடனே ஒட்டிக்கொண்டது.


மாட்டுங்காமாமா:

டோம்பிவலி தம்பி, ஸ்விட்ச் அணைந்திருந்தால் பக்கத்து வீடும் தெரியாதே. வெப் யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அது 1997இல் வந்த பூட்டு, 2001லேயே அதைத் திறக்கும் வழியை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள், இன்று ஒரு சாதாரண லேப்டாப்பில் சில நிமிடம் போதும். அதோடு வெப் போட்டால் ரவுட்டரின் வேகமும் 54 மெகாபிட்டைத் தாண்டாது. ஃபைபருக்குக் காசு கட்டிவிட்டு அது எதற்கு? புது ரவுட்டர்கள் பலவற்றில் அந்த வாய்ப்பையே எடுத்துவிட்டார்கள், நல்லதுதான்.

முலுண்ட் நண்பரே, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு வார்த்தை சொன்னீர்கள்: அமெரிக்கா, கரண்ட். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நம் ஊரில் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது ரவுட்டர் பேசும் தடங்கள், உண்டு. அமெரிக்காவில் நடைமுறையில் 11 வரைதான். அங்கே விற்ற கார்டுகள் பலவும் 12, 13 பக்கம் காதையே கொடுக்காது, அவற்றைப் பொறுத்தவரை அப்படி ஒரு சேனலே கிடையாது. இப்போது உங்கள் ரவுட்டர் சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ முறையில் இருக்கும். அது அக்கம்பக்கத்தை மோந்து பார்க்கும், மும்பை சொசைட்டியில் 1, 6, 11 மூன்றிலும் லோக்கல் ரயில் கூட்டம், ஆகவே காலியாக இருக்கும் 13இல் போய் உட்கார்ந்திருக்கும். கரண்ட் போய் வந்தபோது பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும், அந்தக் குழப்பத்தில் உங்களுடையது 11க்குள் ஏதோ ஒன்றைப் பிடித்தது, பெயர் தெரிந்தது. ராத்திரி மறுபடி தேடிவிட்டு 13க்குப் போய்விட்டது. பழைய கேபிள் ரவுட்டர் எப்போதும் 11க்குள்ளேயே இருந்திருக்கும், அதனால் இத்தனை வருஷம் இந்தத் தொல்லை தெரியவில்லை. இது என் ஊகம், ஆனால் பந்தயம் கட்டலாம் என்கிற அளவுக்கு.

பெயர் தெரிந்தும் இணையாதது வேறு நோய். புது ரவுட்டர்கள் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற இரண்டு பூட்டுகளையும் கலந்து வைத்திருக்கும். டபிள்யூபிஏ3 வந்ததே 2018இல், உங்கள் லேப்டாப் அதற்கு ஒன்பது வருஷம் மூத்தது. கலவையில் பழையவர்களும் நுழையலாம் என்பதுதான் ஏற்பாடு, ஆனால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்களில் சில பழையவை அந்த அறிவிப்பைப் படித்ததுமே மிரண்டு நின்றுவிடும்.

முதலில் லேப்டாப்புக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிடுங்கள். விண்டோஸ் 7இல் கருப்பு கமாண்ட் பெட்டியைத் திறந்து நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, டிரைவர்ஸ் என்ற நான்கு சொற்களையும் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் அடியுங்கள். எந்த ரேடியோ வகை, எந்தப் பூட்டு என்று அதுவே பட்டியல் போடும். அதில் 802.11ஏ இல்லாமல் பி, ஜி, என் மட்டும் இருந்தால் அநேகமாக 2.4 மட்டுமே பேசும் கார்டு, 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது.

அப்புறம் ரவுட்டர் பக்கம் போங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1, அட்மின் பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் கொடுக்கும் ஸ்மார்ட் கனெக்ட் என்ற ஒன்று இருக்கும், அதை அணைத்தால்தான் 2.4இன் கட்டங்கள் தனியாகத் திறக்கும். சேனலை 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். நடுவில் 4 அல்லது 8 என்று போட்டுப் புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம், இரண்டு பக்கத்துக் கூட்டமும் உங்கள் மேல்தான் சாயும். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பூட்டு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். மோட் என்ற இடத்தில் ஏஎக்ஸ் என்ற புது வைஃபை வகை இருந்தால் 2.4க்கு மட்டும் அதை எடுத்துவிட்டு பி, ஜி, என் என்று வையுங்கள், ஏஎக்ஸ் ரவுட்டரைக் கண்ணால் பார்க்க மறுக்கும் பழைய டிரைவர்களும் உண்டு.

இதெல்லாம் முடியும்வரை ஒரு பைசா செலவழிக்காதீர்கள்.


முலுண்ட்வாசி:

மாமா, பந்தயம் கட்டாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டியது நான்தான். 13! ரவுட்டர் பக்கத்தில் சேனல் ஆட்டோ, பக்கத்திலேயே இப்போது ஓடுவது 13 என்று போட்டிருந்தது. சிரித்தே விட்டேன்.

6இல் நிறுத்தினேன், ஒரு நிமிஷத்தில் பெயர் வந்தது. இணைய மறுத்தது. பூட்டை டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றினேன், லேப்டாப்பில் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகப் பாஸ்வேர்ட் போட்டேன், இணைந்துவிட்டது. கார்டு பி, ஜி, என் மட்டும்தான், நீங்கள் சொன்னபடி.

ஆனால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. வைஃபையில் ஐந்து கோடும் நிற்கிறது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்ற இணைப்பு, சான்றிதழ் சரியில்லை என்று சிவப்பாகத் திட்டுகிறது. மெயில்கூடத் திறக்கவில்லை. இது ரவுட்டரா, லேப்டாப்பா?


மாட்டுங்காமாமா:

திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி?


முலுண்ட்வாசி:

1 ஜனவரி 2009.

அப்பாவிடம் கேட்டேன். "அது தினமும் அப்படித்தான் வரும், நான் காலையில மாத்திட்டுத்தான் ஆரம்பிப்பேன், உனக்குத் தெரியாதா?" என்கிறார். எத்தனை நாளாக என்றால் மூன்று வருஷமாம். இன்று நான் முந்திக்கொண்டு திறந்துவிட்டேன், அதுதான் தப்பு. தேதியை மாற்றியதும் எல்லாம் திறந்துவிட்டது.


மாட்டுங்காமாமா:

மூன்று வருஷம்! அந்தக் காலத்து மனிதர்களின் பொறுமையே தனி. உள்ளே மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி சின்ன பேட்டரி இருக்கிறது, கடிகாரத்தை ஓட்டுவது அதுதான், அது தீர்ந்துவிட்டது. பெரிய பேட்டரியும் செத்து, ராத்திரி பிளக்கைப் பிடுங்கினால் காலையில் லேப்டாப் பிறந்த தேதிக்கே போய்விடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று கெடு உண்டு, 2009இல் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாமே இன்னும் பிறக்காத சான்றிதழ்கள்.

பெரும்பாலும் 2032 எண் பட்டன் செல்தான். ஆனால் பல லேப்டாப்களில் அதை இரண்டு ஒயரோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருப்பார்கள், திறந்து பார்த்து அதே மாதிரி வாங்குங்கள். லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். தாதரில் இறங்கி வெஸ்டர்ன் லைன் ஸ்லோவில் கிராண்ட் ரோடு போனால் நடக்கிற தூரம்தான். அங்கே போய் டாக்டர் பட்கம்கர் மார்க் எங்கே என்று போர்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள், லேமிங்டன் என்றே கேளுங்கள்.


செம்பூர்சந்து:

நடுவில் நுழைகிறேன், கோபிக்க வேண்டாம். எல்லோரும் இணைத்துவிட்டதைக் கொண்டாடுகிறீர்கள், ஆனால் விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14 ஜனவரி 2020ஓடு நின்றுவிட்டன, குரோம் அதில் 109ஆம் பதிப்போடு நிற்கிறது. அந்த லேப்டாப்பில் வங்கி, ஓய்வூதியக் கணக்கு எதையும் திறக்க விடாதீர்கள். இன்னொன்று, ஒரு பழைய லேப்டாப்புக்காக வீடு முழுவதையும் டபிள்யூபிஏ2க்கு இறக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரவுட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை தரும் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் அதை 2.4இல், டபிள்யூபிஏ2வில் அப்பாவுக்கென்று தனியாக வையுங்கள், மற்றவர்கள் பழையபடி டபிள்யூபிஏ3 கலவையில் இருக்கட்டும். கெஸ்டில் இருப்பவர் வீட்டின் மற்றக் கருவிகளைத் தொட முடியாது, நாளைக்கு அந்த லேப்டாப்பில் ஏதாவது புகுந்தாலும் உங்கள் போன்வரை வராது.

முடிந்தால் கார்டை மாற்றிவிடலாமே என்றும் தோன்றும். சில கம்பெனி லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைப் போட்டால் ஆன் ஆகித் தொடங்கவே செய்யாது, தொடக்கத்தில் ஓடும் பயாஸ் மென்பொருளிலேயே தடுத்து வைத்திருப்பார்கள். நான் ஒன்றைக் கழற்றி மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன். அதைவிட வெளியே செருகும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் மேல், ஆனால் விண்டோஸ் 7 டிரைவர் உண்டா என்று டப்பாவில் பார்த்து வாங்க வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

அப்பாவின் கடிதங்களை இன்றே ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தவை புது கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அவற்றை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. டைப்ரைட்டர் விசைமுறையும் யூனிகோடில் அடிக்கக் கிடைக்கிறது, அவர் கையை மாற்ற வேண்டியதில்லை.


டோம்பிவலிஃபாஸ்ட்:

வெப் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். வீட்டு ரவுட்டரையும் இப்போதுதான் டபிள்யூபிஏ2க்கு மாற்றினேன். எக்ஸ்பியில் மூன்றாவது சர்வீஸ் பேக் போட்டதும் டபிள்யூபிஏ2 வந்துவிட்டது, எனக்கு இத்தனை நாள் தெரியாது.


முலுண்ட்வாசி:

செம்பூர் அண்ணா சொன்னபடி கெஸ்ட் நெட்வொர்க் போட்டேன். அதற்குத் தனிச் சேனல் கிடையாது, 2.4இன் அதே 6தான், ஆகவே அதை ஆட்டோவுக்கு விடவில்லை. பெயரை அப்பாவே தன் ஊர்ப் பெயராக வைக்கச் சொன்னார். மெயில் திறக்கிறது, ஊர் டிரஸ்டிக்கு இரண்டு கடிதம் போய்விட்டது. கடிதங்களின் நகலும் எடுத்தாயிற்று. செல் வாங்க சனிக்கிழமை லேமிங்டன் ரோடு, அதுவரை தேதியை அவரே மாற்றிக்கொள்கிறாராம்.

ஒரே ஒரு புது வம்பு. ஹாலில் இருக்கும் வைஃபை பிரிண்டரை லேப்டாப் இப்போது கண்டுபிடிக்கவில்லை. காலைவரை, அதாவது கெஸ்டுக்கு மாற்றும்வரை, பிரிண்ட் வந்துகொண்டிருந்தது. அப்பா கோயில் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.


செம்பூர்சந்து:

அது என் யோசனையின் பக்க விளைவு, மன்னிக்கவும். கெஸ்ட் வீட்டின் எந்தக் கருவியையும் தொட முடியாது என்று சொன்னேனே, பிரிண்டரும் அதில் அடக்கம். பிரிண்டரின் பின்னால் சதுரமாக ஒரு யுஎஸ்பி துளை இருக்கும், பிரிண்டர் வாங்கிய டப்பாவில் கேபிளைத் தேடுங்கள், அப்பாவின் மேசைப் பக்கம் நகர்த்தி நேராகச் செருகிவிடுங்கள். உங்கள் போன்கள் பழையபடி வைஃபையிலேயே பிரிண்ட் எடுக்கலாம்.


முலுண்ட்வாசி:

கேபிள் பரணில் கிடைத்தது. பிரிண்ட் வந்துவிட்டது. மை தீர்ந்திருக்கிறது, அதையும் சனிக்கிழமை பட்டியலில் சேர்த்துவிட்டேன்.