பர்மிங்ஹாம், 1963: பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பியது சரியா?

ஆற்றங்கரை:
1963 மே 2 அன்று, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், நிறப்பாகுபாட்டை எதிர்த்து 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து அணியணியாகப் பாடிக்கொண்டு வந்து கைதான கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளைப் போற்றும் நாம், அவர்களை அனுப்பிய பெரியவர்களை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மறுநாளே காவல்துறையைக் கையில் வைத்திருந்த புல் கானர், தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சச் செய்து, நாய்களையும் ஏவினார். பிள்ளைகளை முன்னே நிறுத்தியதைத் தீவிரப் போக்குடைய கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸே கண்டித்தார்; மார்ட்டின் லூதர் கிங்கும் முதலில் தயங்கியவர்தான்.

கல்மண்டபம்:
பெரியவர்கள் ஊர்வலம் போனால் வேலை பறிபோகும், பிள்ளைகளுக்கு அந்த அச்சமில்லை என்று, பிள்ளைகளைத் திரட்டிய ஜேம்ஸ் பெவல் கணக்கிட்டது உண்மை. ஆனால் நிறப்பாகுபாடு வயது பார்த்து ஒதுங்கி நிற்கவில்லையே! தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட பொழுதுபோக்குப் பூங்காவுக்குத் தான் ஏன் போகக் கூடாது என்று ஆறு வயது மகள் கேட்டால் தந்தைக்கு நா எழாது என்பதை, அதற்குச் சில வாரங்களுக்கு முன் அதே ஊர்ச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கிங் பதிவு செய்திருக்கிறார். போராட்டம் அந்தக் கேள்வியில் தொடங்கிவிட்டது.

ஆற்றங்கரை:
கேட்பது வேறு, சிறைக்குப் போவது வேறு. ஒன்பது வயது ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸ் ஒரு வாரம் அடைபட்டிருந்தாள். அவளே விரும்பித்தான் போனாள் என்பீர்கள். இயக்கத்தினர் வந்து போகும் வீட்டில் வளர்ந்தவளின் விருப்பத்தில் அவளுடையது எவ்வளவு?

கல்மண்டபம்:
எந்தப் பிள்ளையின் விருப்பம்தான் வீட்டுக்கு வெளியே முளைக்கிறது? வாய்மூடி ஒதுங்கிப் போகப் பழக்கப்பட்ட பிள்ளையிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

பழைய ஆசிரியர்:
ஒரு குறுக்கீடு. பள்ளிக்கு வராத குற்றத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை மே 20 அன்று நீக்கிய கல்வி வாரியத்தின் ஆணையை, இரண்டே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்த காரியம் என்பதால் எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது.

கல்மண்டபம்:
தெருவில் இறங்காத பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்தார்களா? செப்டம்பர் 15, ஞாயிறு காலை, அதே தேவாலயத்தில் வெடித்த குண்டுக்குப் பலியான நான்கு சிறுமிகளில் ஒருத்திக்குப் பதினொரு வயது, மற்ற மூவருக்குப் பதினான்கு. அவர்கள் அன்று ஊர்வலத்தில் இல்லை; வழிபாட்டுக்கு வந்திருந்தார்கள்.

ஆற்றங்கரை:
அந்த நால்வர் பற்றி எனக்கு மறுமொழியில்லை. ஆயினும், வீட்டிலும் ஆபத்து என்பதால் நாய்களின் முன்னே நிறுத்தலாம் என்றாகிவிடாது. பதினான்கு வயதுப் பிள்ளை போகட்டும். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தடுத்திருக்கலாம்.

கல்மண்டபம்:
தேவாலயத்தில் உறுப்பினராகும் வயது வந்த பிள்ளை சிறைக்கும் போகலாம் என்பது பெவலின் வாதம். நீங்கள் போடும் வயது எல்லைக்கோட்டை அவர் வேறிடத்தில் போட்டார், அவ்வளவுதான்.