அனுமன் தோளில் இருப்பது எந்தக் கதை?

காவேரிக்கரை:
இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்று ராமாயணப் படப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். "அனுமன் கதையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "கதையை எப்படிப்பா தோள்ல வைக்க முடியும்?" என்றாள். அது ஆயுதம்மா என்றேன். அப்புறம் ஏன் ரெண்டுக்கும் ஒரே பேரு என்று கேட்டாள், முழித்தேன். இதற்குத் தமிழில் வேறு பழைய சொல் இருக்கிறதா?

வடக்குவீதி:
சொல் வேறு வேறுதான், நம் எழுத்தில் ஒன்றாகத் தெரிகிறது. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஆயுதத்தைச் சொல்லும்போது 'கங்கை'யில் வரும் முதல் ஒலி வரவேண்டும், சொல்லும் கதைக்கு 'கடை'யில் வருவது. இந்தியில் எழுதினால் குழப்பமே இல்லை. குழந்தைக்கு 'கதாயுதம்' என்றே சொல்லிக்கொடுங்கள். கிரிக்கெட்டில் 2021இல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் வென்ற நியூசிலாந்து அணி தூக்கிப் பிடித்ததும் கதாயுதம்தானே.

பழையஏடு:
நீங்கள் கேட்ட பழைய சொல் 'தண்டு'. திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்றுதான் அடுக்குவார்கள். இந்த ஐந்தையும் குட்டி குட்டியாகச் செய்து கோத்துக் குழந்தை கழுத்தில் கட்டுவதுதான் ஐம்படைத்தாலி. அப்படிப் பார்த்தால் தண்டு உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளின் நெஞ்சில் கிடந்த ஆயுதம், எனக்கு அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. புறநானூறு 77இல் இடைக்குன்றூர்கிழார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து, இன்னும் தாலிகூடக் கழற்றவில்லை, அதற்குள் போர்க்களத்துக்கு வந்துவிட்டானே என்று வியக்கிறார். அந்தத் தாலி இதுதான்.

வடக்குவீதி:
அருமை. பழனி தண்டாயுதபாணி பெயரிலும் அதே தண்டு இருக்கிறதே! ஆனால் அவர் கையில் இருப்பது கோல், அனுமனுடையதைப் போல உருண்டைத் தலை கிடையாது.

பழையஏடு:
ஆமாம், கோலிலிருந்து கனத்த ஆயுதம் வரை எல்லாமே தண்டுதான். வடமொழி 'தண்ட'மும் கோல்தான். அரசன் கையில் அது தண்டனையானது, கட்டும் அபராதமும் தண்டம், வீணாய்ப் போன காசும் தண்டம். 'தண்டச்சோறு' என்று திட்டுகிறோமே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி. இன்று காலை "கங்கை, கதை" என்று சேர்த்துச் சொல்லவைத்தேன், உடனே பிடித்துக்கொண்டாள். இப்போது ஐம்படைத்தாலி வேண்டுமாம்.